தரைக்கு ஒரு கணக்கு, தொட்டிக்கு ஒரு கணக்கு

கோலாலம்பூர் வட்டாரத்து உரக்கடைகளில் 'பாஜா ஹிஜாவ்', 'பாஜா பிரு' என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தருவார்கள். ஹிஜாவ் என்றால் பச்சை, பிரு என்றால் நீலம். பச்சை உரம் என்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் 15:15:15 என்ற விகிதத்தில் கலந்தது. நீல உரம் 12:12:17:2 என்ற விகிதத்தில், கடைசி எண்ணாக மக்னீசியத்தையும் கூடவே சில நுண்ணூட்டங்களையும் கொண்டது. பெரிய மூட்டையில் வந்ததைக் கடைக்காரர் ஒரு கிலோ பைகளாகக் கட்டி வைத்திருப்பார். மூட்டையில் அச்சாகியிருக்கும் அளவுக் குறிப்பு அந்தச் சிறு பைக்கு வந்து சேர்வதில்லை. எனவே வாங்கிச் செல்பவர் தமக்குப் பழகிய அளவில், அதாவது கைப்பிடிக் கணக்கில், போடுகிறார். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டின் பின்புறம் தரையில் நிற்கும் கறிவேப்பிலை மரம் அந்தக் கைப்பிடியை வாங்கிக்கொண்டு சில வாரங்களில் கொழுந்து விடுகிறது. அடுக்குமாடி வீட்டின் பெல்கனியில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலையோ, அதே கைப்பிடிக்கு இலைநுனி கருகி, அடியிலிருந்து உதிரத் தொடங்குகிறது.

கைப்பிடியை ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் நைட்ரஜன் மட்டும் 7.5 கிராம். பதினைந்து லிட்டர் மண்கலவை கொள்ளும் தொட்டி, நன்றாக நீரூற்றி வடிந்தபின் சுமார் 6 லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உரம் முழுவதும் கரைந்தால், வேரைச் சூழ்ந்திருக்கும் அந்த நீரில் லிட்டருக்கு 1,250 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றும் உரநீரில் லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் நைட்ரஜன் போதும் என்பது நாற்றங்கால்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மொத்த உப்பு என்று பார்த்தால், லிட்டருக்கு 8 கிராம். கடல்நீரின் உப்பில் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. அதே கைப்பிடியைத் தரையில் நிற்கும் மரத்தைச் சுற்றி, ஒரு மீட்டர் ஆரத்தில் தூவினால், மேல்மண்ணின் 30 சென்டிமீட்டர் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 940 லிட்டர் மண்ணில் அது பரவுகிறது. தொட்டியைவிட அறுபது மடங்குக்கும் மேற்பட்ட இடம் அது. வேருக்கு ஓரிடத்தில் உப்பு மிகுந்தால் இன்னோரிடம் போகவும் வழியிருக்கிறது.

கைப்பிடி அளவு எங்கிருந்து வந்தது என்பதை மலேசியத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்திலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்திலும் உரம் போட்ட குடும்பங்கள் நம்முடையவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபின் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள், மண்வெட்டியோடு அந்த அறிவையும் கொண்டுவந்தார்கள். செம்பனையின் அடியில் களையெடுத்த வட்டத்தில் எந்த உரத்தை எவ்வளவு, மழைக்கு முன்பா பின்பா போடுவது என்பது அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். அந்த அறிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது மண்ணுக்கான அறிவு. தொட்டியில் இருப்பதோ பெரும்பாலும் மண்ணே அல்ல.

முதலில் தரையைப் பார்ப்போம். கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் இயற்கை மண் வளமானது என்று பலர் நினைக்கிறார்கள்; எங்கு பார்த்தாலும் பச்சையாக இருப்பதால் வரும் எண்ணம் அது. உண்மையில், வெயிலும் மழையும் காலங்காலமாக அரித்துச் சிதைத்த, அமிலத்தன்மை மிகுந்த மண் இது. இதன் பிஎச் அளவு (7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் மிகுதி) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கிறது. களிமண்ணின் பெரும்பகுதி கயோலினைட் வகையைச் சேர்ந்தது. சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் தரும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள், போடும் பாஸ்பரஸைத் தம்மோடு இறுகப் பிணைத்துக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. அமிலம் மிகும்போது கரைந்து வரும் அலுமினியம் வேர்நுனிகளை முடக்குகிறது. ஆகவே இங்கே தரையில் நடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது உரமூட்டையை அல்ல, டோலமைட் சுண்ணாம்பை. ஆண்டுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை தூவிக் கிளறிவிட்டால் அமிலம் தணிவதோடு, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடக் கூடாது. அம்மோனியம் வாயுவாக மாறிப் போய்விடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் இப்போது செடி வளர்ப்பைத் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். அங்கே பல பகுதிகளில் மண் காரத்தன்மை உள்ளது, கிணற்று நீர் கடின நீர். அதனால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் கொழுந்து வெளுக்கிறது, புளித்த மோரை ஊற்றச் சொல்கிறார்கள். கோலாலம்பூர் மண் ஏற்கெனவே புளித்தது. குழாய்நீரும் கால்சியமும் மக்னீசியமும் குறைந்த மென்னீர். இங்கே கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவதால் இரும்புக் குறை தீர்வதற்கில்லை. எறும்பும் ஈயும் வருவதுதான் மிச்சம். அறிவுரை தமிழில் இருப்பதால் அது நம் ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குறைகள் இத்தனை இருந்தும், தரை தரைதான். மேலே விழும் இலைச்சருகு மட்கிச் சத்தாகிறது. மண்ணிலுள்ள தாதுக்கள் மெல்லச் சிதைந்து துத்தநாகம், போரான், மாங்கனீஸ் போன்ற நுண்ணூட்டங்களைத் துளித்துளியாகத் தருகின்றன. மேலே கழுவப்பட்ட சத்தின் ஒரு பகுதியைக் கீழே இறங்கிய வேர் மீட்டெடுக்கிறது. தரையில் உரமிடுவது சேமிப்பில் கொஞ்சம் சேர்ப்பதற்கு ஒப்பானது. தொட்டியில் சேமிப்பே இல்லை. அன்றாடம் வருவதுதான் அன்றாடச் சாப்பாடு. (புதிய தாமான்களில் மேல்மண்ணை வழித்துவிட்டு, வெட்டிய அடிமண்ணையும் கட்டட இடிபாட்டையும் நிரப்பி வீடு கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தரை என்பது பெயரளவில்தான். முதல் சில ஆண்டுகள் மட்கிய எருவைக் கொட்டி மண்ணை உருவாக்கிய பிறகே உரத்தைப் பற்றிப் பேச முடியும்.)

கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோவில், 1930இல் திறக்கப்பட்ட பழைய தொழுநோயாளர் குடியிருப்பை ஒட்டி, அங்கு வாழ்ந்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் வளர்த்தெடுத்த நாற்றங்கால்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. நகரத்துத் தொட்டிகளில் பல அங்கிருந்து வருபவை. அத்தகைய இடங்களில் பையில் கட்டி விற்கப்படும் கலவையைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தால் அதன் தன்மை விளங்கும்: தேங்காய் நார்த்தூளான கோக்கோபீட், கரியாக்கிய நெல் உமி, சுட்ட மண் உருண்டைகள், கொஞ்சம் மட்கிய எரு. காற்றோட்டத்துக்கும் வடிகாலுக்கும் இவை மிக நல்லவை. வேர் அழுகாமல் காப்பவை. சத்தைப் பொறுத்தவரை இவற்றில் பெரும்பாலானவை வெறுங்கை. கோக்கோபீட் எடைக்கு எடை பார்த்தால் சத்தைப் பிடிக்கும் ஆற்றல் உள்ளதுதான். ஆனால் ஒரு லிட்டர் உலர்ந்த கோக்கோபீட்டின் எடை நூறு கிராம் அளவிலேயே இருப்பதால், ஒரு தொட்டிக்குள் அது பிடித்து வைப்பது சொற்பம்.

அந்தக் கோக்கோபீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் மிகுதி. சரியாகக் கழுவாத கோக்கோபீட் இவற்றைச் செடிக்குக் கொடுத்துவிட்டு, பதிலாக நாம் தரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துக்கொள்கிறது. பச்சை உரத்தையும் நீல உரத்தையும் மாறிமாறிப் போட்டும் தொட்டி மிளகாயின் காய் நுனி கறுத்து அழுகுவதற்குப் பின்னால் பல நேரங்களில் இந்தக் கால்சியப் பற்றாக்குறைதான் இருக்கிறது. இப்படி எண்கள் போட்ட உரத்தில் கால்சியத்துக்குப் பொதுவாகக் கணக்கில்லை. இதனால்தான் பொலிதீன் பையில் கோக்கோபீட் நிரப்பிச் சொட்டுநீரில் மிளகாய் பயிரிடுபவர்கள் 'ஏபி' உரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் 'ஏ' கரைசலிலும், பாஸ்பேட், சல்பேட் வகைகள் 'பி' கரைசலிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அடர்த்தியான நிலையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கால்சியம் சுண்ணாம்புபோல் படிந்து பயனற்றுப் போகும். வீட்டில் இதைப் பயன்படுத்துபவர்கள் முதலில் நீரை எடுத்து, அதில் ஒன்றைக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

தோட்டத்து உரங்கள் சில தொட்டிக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதும் இப்போது விளங்கும். கிறிஸ்துமஸ் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு வரும் பாறைப் பாஸ்பேட்டை மலேசியத் தோட்டங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. நீரில் கரையாத அந்தப் பொடி, அமில மண்ணில்தான் மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அமிலம் குறைந்த கோக்கோபீட் கலவையில் அதன் பெரும்பகுதி கல்பொடியாகவே கிடக்கும். செந்நிறப் பொட்டாஷ் எனப்படும் பொட்டாசியம் குளோரைடு இதற்கு நேர்மாறு: உடனே கரையும், ஆனால் உப்புத்தன்மை மிக அதிகம், செம்பனைக்குக் கிலோக்கணக்கில் போடுவதைத் தொட்டியில் ஒரு கரண்டி போட்டாலும் வேர் வாடும். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது; அது மண்ணில் அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற நுண்ணுயிர்கள் வேண்டும். தொட்டியின் சிறிய இடத்தில் அம்மோனியா திரண்டு இளவேரைத் தாக்கும் ஆபத்து இருப்பதால், தொட்டிக்கு யூரியாவைத் தவிர்ப்பதே நல்லது. கோழியெரு உருண்டை தரையில் சத்தோடு மட்கையும் சேர்ப்பதால் இரட்டை நன்மை. தொட்டியில் அதன் பயன் குறைவு, பெல்கனியில் நாற்றம் அதிகம். அரிசி கழுவிய நீர் கெடுதல் செய்யாது. அதையே உணவாக நம்பியிருந்தால் செடி பட்டினிதான் கிடக்கும்.

இதுவரை சொன்னவை எந்த ஊர்த் தொட்டிக்கும் ஓரளவு பொருந்தும். கோலாலம்பூரில், தரையா தொட்டியா என்பதைவிடத் தொட்டியின்மேல் மழை விழுகிறதா இல்லையா என்பதே உரத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் நகரம் இது. ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வலுக்கும். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், 30 சென்டிமீட்டர் அகல வாயுள்ள தொட்டியில் மூன்றரை லிட்டர் நீர் விழுகிறது. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் தொட்டியில் அந்த நீர் நிற்க இடமில்லை. உள்ளிருக்கும் உரநீரைத் தள்ளிக்கொண்டு அடித்துளை வழியே வெளியேறும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டதாகையால் கலவையின் துகள்களில் ஒட்டாது; முதலில் போவது அதுதான். காலையில் போட்ட உரம் மாலையில் ஐந்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். (ஐந்தடி என்பது நம் ஊர்க் கடைவீதி நடைபாதை, உரம் போட்டவர் கூட்டிக் கழுவ வேண்டிய இடம்.) தரையில் நிற்கும் மரத்துக்கு அதே மழை பெய்தாலும், நீர் ஆழமாக இறங்குகிறதே ஒழிய வேருக்கு எட்டாமல் உடனே போய்விடுவதில்லை.

ஆகவே மொட்டைமாடியிலும் முற்றத்திலும் மழையில் நனையும் தொட்டிகளுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பதினைந்து லிட்டர் தொட்டிக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், பச்சை உரமோ நீல உரமோ போதும். தண்டிலிருந்து விலக்கி, ஓரமாகத் தூவி, மேல் கலவையால் மூடிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு ஆஸ்மோகோட் போன்ற பூச்சிட்ட உருண்டைகள் இன்னும் ஏற்றவை. உருண்டையின் பிசின் உறை வழியே ஈரம் உள்ளே புகுந்து, உள்ளிருக்கும் உப்பு கரைந்து, மெல்ல வெளியே கசியும். கசிவின் வேகத்தை மழையைவிட வெப்பமே தீர்மானிக்கிறது. இங்குதான் பெட்டியில் உள்ள குறிப்பை நம் ஊருக்கு மாற்றிப் படிக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் வரும் என்று அச்சிட்டிருப்பது பொதுவாக 21 பாகை செல்சியஸ் வெப்பத்தை வைத்துச் சொன்னது. நம் பகல் 32, 33 பாகையைத் தொடும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் உட்புறம் 40 பாகையையும் தாண்டும். சொன்ன காலத்துக்கு முன்பே உருண்டை காலியாகிவிடும் என்பதால், விரலால் நசுக்கிப் பார்ப்பது நல்லது: நீர் மட்டும் பீச்சிக்கொண்டு ஓடு தட்டையானால் அதில் சத்து தீர்ந்துவிட்டது.

கூரைக்குக் கீழே, மழையே படாத பெல்கனித் தொட்டியின் நிலைமை இதற்கு நேர் எதிரானது. தினமும் அரை மக் நீர் ஊற்றப்படுகிறது. அது செடிக்கும் காற்றுக்கும் போய்விட, உப்பு மட்டும் உள்ளே தங்குகிறது. தொட்டியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வெண்மையாக உதிரும் படலம் அந்த உப்பின் அடையாளம். உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. செடி வாடி, பசித்ததுபோல் தோன்றும். வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் உரம் போடுவார். பெல்கனிக் கறிவேப்பிலைகள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிகிறது. இத்தகைய தொட்டிக்கு, பச்சை உரத்தை லிட்டருக்கு அரை கிராம் அளவில் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு வெறும் நீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இதைப் பெல்கனியிலேயே செய்தால் கீழ்வீட்டார் காயப்போட்ட துணி நனைந்து வழக்கு வரும். தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்வதே அமைதிக்கு வழி. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பவர்கள் வடிந்த நீரை உடனே கொட்டிவிட வேண்டும். தட்டில் நின்றால் அதே உப்பு மீண்டும் மேலேறும். அதைவிடப் பெரிய தொல்லை, ஏடிஸ் கொசு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப்புழு உள்ள தட்டு ஒன்று இருந்தாலே அபராதத்துக்கு வழியுண்டு.

பெல்கனிச் செடிக்கு வெளிச்சமும் குறைவு. எதிரே நாற்பது மாடிக் கட்டடம் நின்றால், நாளுக்கு ஓரிரு மணி நேரம் வெயில் கிடைத்தாலே பெரிது. வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி குறையும், வளர்ச்சி குறைந்தால் உணவுத் தேவையும் குறையும். நிழலில் நிற்கும் மல்லிகை பூக்கவில்லை என்று பொட்டாசியத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. அது கேட்பது வெயிலை.

இலையைப் பார்த்து நோயறிவதற்கும் தரைக்கும் தொட்டிக்கும் வேறுவேறு சந்தேகங்கள் உண்டு. அடியிலைகள் முழுவதுமாக வெளுத்தால் நைட்ரஜன் குறைவு. இது மழையில் நனையும் தொட்டியில் மிகவும் சாதாரணம். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடையில் மஞ்சள் படர்ந்தால் மக்னீசியம் குறைவு. அமிலத் தரையிலும் வரும், கோக்கோபீட்டிலும் வரும். தோட்டங்களில் இதற்குக் கீசரைட் எனும் மக்னீசிய உரத்தைப் போடுவார்கள். தொட்டிக்கு எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கரைத்து ஊற்றலாம். இலைநுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகிக் காய்ந்தால், எந்தச் சத்தையும் சேர்ப்பதற்கு முன் உப்பைக் கழுவிப் பார்ப்பதே முறை.

தொட்டியில் பெருத்துவிட்ட கறிவேப்பிலையைச் சொந்த நிலம் கிடைத்தபின் தரைக்கு மாற்றுபவர்கள், இரண்டு கணக்கையும் ஒரே குழியில் போட வேண்டியிருக்கும். குழியின் மண்ணில் முன்கூட்டியே டோலமைட் கலந்து ஆறவிட்டால் வேர்ப்பந்தைச் சுற்றிய அமிலம் தணியும். பாறைப் பாஸ்பேட்டை அந்தச் சுண்ணாம்பு மண்ணில் கலக்காமல், குழியின் அடியில் தனியாக இட வேண்டும், அமிலம் இருந்தால்தான் அது கரையும். நட்டபின், வேர்ப்பந்தில் ஒட்டியிருக்கும் கோக்கோபீட் சுற்றியுள்ள களிமண்ணைவிட வேகமாகக் காய்வதால், தரை ஈரமாகத் தெரிந்தாலும் முதல் சில வாரங்கள் அடித்தண்டை ஒட்டித் தினமும் நீர் ஊற்ற வேண்டும். வேர் புதுமண்ணுக்குள் நுழையும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், உரமும் தேக்கரண்டி அளவிலேயே இருக்கட்டும். கைப்பிடிக்கு அதன்பிறகு மாறலாம், அதையும் தண்டருகே கொட்டாமல் கிளைகளின் நுனி நிழல் விழும் வட்டத்தில் தூவ வேண்டும்.